இல்லத்தில் குறிபார்த்தல்

விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடனே நம் மாணாக்கர் உள்ளத்தில் எழுவன பந்தும், மட்டையும், பரந்த மைதானமுமேயாம். மாலை வெயிலில் உப்புக் காற்று வீச, வியர்வை சிந்த ஆடுவதே ஆட்டம் என்பது நம் கலாசாலையின் நெடுநாளைய கொள்கை. அக்கொள்கையை யான் மறுப்பேனல்லேன். எனினும், நான்கு சுவர்களுக்குள்ளே, ஓடாமலும் குதிக்காமலும், அசையாது நின்றே ஆடப்படும் ஒரு விளையாட்டைக் குறித்து இவ்வாண்டு மலரில் சில சொல்ல விழைகின்றேன். அஃது யாதெனின், காற்றுத் துப்பாக்கியினின்று குஞ்சம் வைத்த ஊசியைச் செலுத்தி, சுவரில் தொங்கும் வட்டப் பலகையிலே குறி தைக்கும் விளையாட்டாம். பேச்சு வழக்கில் துப்பாக்கியை ‘ஏர்கன்’ என்றும், ஊசியையும் பலகையையும் ‘டார்ட்’ என்றும் வழங்குவர். இதனைக் கொலைக் கருவியென அஞ்சி விலக்குவாரும் உளர். வெறும் பொம்மையெனக் கருதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் தவறுகின்றனர் என்பதே என் கருத்து. அதனை நிறுவ முயல்கின்றேன்.

நம் ஊராருக்குக் காற்றுத் துப்பாக்கி புதியதன்று. திருவிழாக் காலங்களிலும் கோயிற் கொடைகளிலும் பலகையொன்றிற் பல நிறப் பலூன்களைக் கட்டி, காசு வாங்கிக்கொண்டு சுடவிடும் கடைகளைக் காணாதவர் நம்முள் யார்? அங்கே துப்பாக்கியின் குழல் சற்றே வளைந்திருக்கும் என்றும், ஆதலாற்றான் நாம் தவறினோம் என்றும் சொல்லிக்கொண்டு வீடு திரும்பாதவரும் யார்? யானும் அவ்வாறு சொல்லித் திரும்பியவனே. ஆனால் ஒரு முறை, என் அண்ணன் மகன், “சித்தப்பா, குழல் வளைந்ததா, உங்கள் கை வளைந்ததா?” என்று கேட்டுவிட்டான். அவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டே ஒரு காற்றுத் துப்பாக்கியும் வட்டப் பலகையும் எங்கள் வீட்டிற் புகுந்தன. சில மாதங்களில் விடையும் கிடைத்தது. வளைந்தது குழலன்று.

கருவியின் இயல்பை முதற்கண் அறிதல் நன்று. சாதாரணக் காற்றுத் துப்பாக்கியினுள்ளே வலிய எஃகுச் சுருள் ஒன்றும், அதனோடியைந்த உந்துதண்டு ஒன்றும் உள. குழலை மடக்கும்போது சுருள் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தவுடனே சுருள் விடுபட்டுத் தண்டை முன்னே தள்ள, தண்டுக்கு முன்னுள்ள காற்று நொடிப்பொழுதில் நெருக்குண்டு, குழலில் வைத்த பொருளை வெளியே துரத்தும். மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. வேலை செய்வது நாம் சுவாசிக்கும் காற்றேயாம். ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் 1660ஆம் ஆண்டில் காற்றுக்கும் சுருள்போன்ற மீள்விசை உண்டென்று எழுதியதையும், 1662இல் அதன் கன அளவு குறையுமளவிற்கு அழுத்தம் மிகும் என்னும் விதியை வெளியிட்டதையும் நம் மாணாக்கர் பௌதிக வகுப்பிற் படித்திருப்பர். அவ்விதி ஏட்டினின்று இறங்கி வந்து சுவரிலே தைத்து நிற்பதைக் காண வேண்டுமாயின், இதனினும் எளிய சோதனை வேறில்லை.

இனி, அதனிற் செலுத்தும் ஊசி. முன்னே கூரிய எஃகு முனையும், பின்னே வண்ண மயிர்க் குஞ்சமும் உடையது அது. குஞ்சம் அழகுக்காக வைத்ததன்று. குழலின் துவாரத்தை அடைத்துக் காற்றை வீணாகாது காப்பதும், பறக்கும்போது பின்னின்று இழுத்து முனையை நேரே நிறுத்துவதும் அக்குஞ்சத்தின் தொழில். குழலின் உட்புறத்தே திருகு வரிகள் வெட்டிய துப்பாக்கியில் இவ்வூசியைப் போடலாகாது. எஃகு அவ்வரிகளைத் தேய்த்துக் கெடுத்துவிடும். உட்புறம் வழுவழுப்பான குழலே ஊசிக்கு ஏற்றது. வரிக் குழலுக்கு மெல்லிய ஈய ரவையே உரியது. இவ்வேறுபாட்டை அறியாது, வாங்கிய சில நாட்களிலேயே நல்ல துப்பாக்கியைப் பாழாக்கியோர் பலர்.

ஊசியைக் குழலிலிட்டு மூச்சால் துரத்தும் வித்தை மேனாட்டினின்று வந்த புதுமையோ எனின், அன்று. சுங்குத்தான் என்னும் ஊதுகுழல் தமிழ்நாட்டில் முன்பு வழங்கியதொன்று. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் மேற்பார்த்து, பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பார், தென்னிந்திய ஊதுகுழல்களையும், எறிகருவியாகிய வளரியையும், குறுக்குவில்லையும்பற்றி 1924ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். மலாய் மொழியில் ஊதுகுழலுக்குச் சும்பித்தான் என்று பெயர். சுங்குத்தான், சும்பித்தான் என்னும் இவ்விரு சொற்களின் ஒப்புமையை நோக்குவார்க்கு, கப்பலேறிச் சரக்கு மட்டுமே வந்துபோகவில்லை, கருவியும் பெயரும் கூட வந்துபோயின என்பது புலனாகும். துறைமுகத்தில் வாழும் நமக்கு இதில் வியப்பில்லை. ஆகவே நம் வீட்டுச் சுவரிற் பாயும் ஊசி, பாட்டன் ஊதிய ஊசியின் பேரப்பிள்ளையே. ஊதும் நெஞ்சுக்குப் பதில் எஃகுச் சுருள் வந்தது, அவ்வளவே வேறுபாடு.

மேனாட்டிலும் இக்கருவிக்கு இரு முகங்கள் இருந்தன. 1780ஆம் ஆண்டையடுத்து ஆஸ்திரிய சேனையில் ஜிரண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கி வழங்கிற்று. ஓசை குறைந்தும் புகையின்றியும் அடுத்தடுத்துப் பல குண்டுகளைச் செலுத்தவல்ல போர்க்கருவி அது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை 1804 முதல் 1806 வரை ஆராய்ந்து சென்ற லூயிஸ், கிளார்க் என்னும் இருவரும் தம்முடன் ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டு சென்றனர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தோர், ‘வெறுமையான வீடு’ என்னும் கதையிற் கொலைஞன் கையிலிருந்ததும் காற்றுத் துப்பாக்கியே என்பதை நினைவு கூர்வர். மற்றொரு முகம் இனியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த தொழிலாளர், மாலை வேளைகளிற் கூடி, ஆறு கஜ தூரத்தில் இரும்புத் தகட்டில் அமைந்த சிறு துளையைக் காற்றுத் துப்பாக்கியாற் குறிபார்ப்பர். துளையின் அகலம் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கே. குண்டு துளைக்குள் நுழைந்தால் பின்னேயுள்ள மணி ஒலிக்கும். பகலெல்லாம் பட்டறையில் உழைத்தவர்க்கு அம்மணியோசை எத்துணை இனிதாயிருந்திருக்கும்! கருவி ஒன்றே, அதனைப் பிடிக்கும் கையும், கையை ஆளும் மனமுமே வேறு.

நிற்க. இவ்விளையாட்டினால் வரும் பயன் யாது?

முதற் பயன் மூச்சடக்கம். எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர் உளர். இளமையிற் சங்கு குளித்தவர். 1961ஆம் ஆண்டில் முடிந்த கடைசி முத்துக்குளிப்பையும் தம் கண்ணாற் கண்டவர். தொளாயிரம் பார் என்று சொன்னால் இன்றும் அவர் முகம் மலரும். ஒரு நாள் மாலை, யான் துப்பாக்கியை ஏந்தி, நெஞ்சு நிறைய மூச்சையிழுத்து, முகம் சிவக்க அடக்கி நின்று, பலகையின் ஓரத்தையே மீண்டும் மீண்டும் துளைப்பதைத் திண்ணையிலிருந்து கண்டார். “தம்பி, மூச்சை அமுக்கிப் பிடியாதே. அதனோடு சண்டை போட்டால் அதுதான் ஜெயிக்கும். போதும் என்ற இடத்தில் நிறுத்து, கல் உன்னைக் கீழே கொண்டுபோகும்” என்றார். காலிற் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்குவோர் அறிந்த உண்மை அது. பின்னர் யான் நூல்களிற் பார்த்தபோது, தேர்ந்த குறியாளரும் மூச்சை முழுதும் நிரப்பாது, பாதி வெளிவிட்டு, இயல்பாக அது தங்கும் சில விநாடிகளுக்குள்ளே விசையை இழுப்பர் என்றும், அக்காலம் கடந்தால் துப்பாக்கியைத் தாழ்த்தி மறுபடி தொடங்குவர் என்றும் கண்டேன். நூலாசிரியர் பல பக்கங்களில் விரித்ததை முத்துக்கடல் கண்டவர் மூன்று வாக்கியங்களிற் சொல்லி முடித்தார்.

இரண்டாம் பயன் மெய்ம்மை. பந்தாட்டத்தில் தோல்வி வந்தால் நடுவரையும், தரையையும், துணையாட்டக்காரரையும் குறை கூறலாம். இங்கே குறை கூறுவதற்கு யாரும் இல்லை. நின்றவனும் பலகையுமே உளர். ஊசி எங்கே தைத்ததோ அங்கேயே நின்று, ‘நீ இங்கேதான் அனுப்பினாய்’ என்று சாட்சி சொல்கின்றது. விசையை வெடுக்கென்று இழுத்தால் ஒரு பக்கமும், ஓசைக்கு அஞ்சிக் கண்ணை மூடினால் மறுபக்கமும் ஊசி விலகுகின்றது. கோபத்தோடு பிடித்த துப்பாக்கி ஒருநாளும் நடுவட்டத்தைத் தொட்டதில்லை. பரீட்சைத் தாளில் மதிப்பெண் குறைந்தால் வினாத்தாளை நோகும் நம்மனோர்க்கு, இத்தகைய சாட்சி ஒன்று வீட்டிலிருப்பது நலமேயன்றோ?

மூன்றாம் பயன், உடல் வலிமை மிகாதவர்க்கும் வெற்றிக்கு வழி உண்டென்பது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிற் சேர்க்கப்பட்டது. அதன் குறித்தாளில் பத்து எண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டரே. எழுத்தின்மேல் வைக்கும் புள்ளியையொத்தது. அப்புள்ளியை நோக்கியே 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் அபினவ் பிந்திரா இந்தியாவின் முதல் தனியாள் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். இல்லத்தில் குறிபார்த்தல் என்னும் என் தலைப்புக்கு அவரே சிறந்த சான்று. தம் வீட்டிலேயே குறிக்கூடம் அமைத்துப் பயின்றவர் அவர். சென்னையிற் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் பெற்றார். கடலூரில் 1999இற் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மனு பாக்கர் காற்றுக் கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலங்களைப் பெற்றார். அவற்றுள் ஒன்று சரப்ஜோத் சிங்குடன் இணைந்து வென்றது. இவர்களுள் இருவர் பெண்மக்கள் என்பதை நம் மாணவியர் கருத்திற் கொள்வாராக.

இனி, எதிர்க்கட்சியார் கூற்றை ஆராய்வோம். அதனை மறைத்து நன்மையை மட்டும் கூறுதல் வியாபாரிக்குப் பொருந்துமேயன்றிக் கட்டுரையாளனுக்குப் பொருந்தாது.

முதலாவது, கண்ணுக்கு வரும் கேடு. இதனை யான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை. வட்டப் பலகை கற்றாழையினத்துச் செடியின் நாரை இறுக்கிச் செய்யப்படுவது. ஊசி அதிற் பாய்ந்தால் தங்கிவிடும். ஆனால் எண்களைப் பிரிக்கும் கம்பிகள் பலகையின்மேல் உள. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகன் செலுத்திய ஊசி அக்கம்பியிற் பட்டுத் தெறித்துத் திரும்பி, பக்கத்து வாசலில் தொங்கிய திரைச்சீலையில் வந்து தைத்தது. அதற்குச் சிறிது முன்பு, அத்திரையை விலக்கிக்கொண்டு என் தங்கையின் நான்கு வயதுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சென்றிருந்தாள். ஊசி தைத்த இடமும் அவள் கண்ணிருந்த உயரமும் ஒன்றே. அன்று வீட்டில் யாரும் பேசவில்லை. என் அன்னையார் அவ்வூசியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் சென்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றிரவு யான் கணக்கிட்டுப் பார்த்தேன். விநாடிக்கு நூறு மீட்டர் வேகத்திற் செல்லும் ஊசி, ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையைக் கடக்க விநாடியில் இருபதிலொரு பங்கே போதும். கண் இமைப்பதற்கோ பத்திலொரு பங்கேனும் வேண்டும். அதாவது, இமை காக்குமுன் ஊசி வந்துவிடும். ‘கண்ணை இமை காப்பதுபோல’ என்று நாம் சொல்லும் உவமை இங்கே பொய்யாகின்றது. ஆகவே காக்க வேண்டியது இமையன்று, முன்னறிவே. காற்றுத் துப்பாக்கியைப் பொம்மை என்பார்க்கு யான் கூறும் விடை அத்திரைச்சீலையிலுள்ள துளையேயாம். அதனைத் தைக்காமல் அப்படியே வைத்திருக்கின்றோம்.

இரண்டாவது, பறவைகளுக்கு வரும் கேடு. பலகையில் ஓரளவு கை தேறியவுடனே பையன்களின் கண் மரக்கிளையை நோக்குகின்றது. அணிலும், மைனாவும், சிட்டுக்குருவியும் அசையும் குறிகளாய்த் தோன்றுகின்றன. கவட்டைவில் காலத்துப் பழைய ஆசையே இது; ஆனால் கவட்டைவில்லுக்குத் தப்பிய பறவை இதற்குத் தப்புவதரிது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவை வேட்டையைத் தடுத்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் ஊரின் நிலையை எண்ணுக. உப்பளங்களில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரையையும், பாத்தியோரத்தில் இரை தேடும் உள்ளானையும் காண வெளியூரார் வருகின்றனர். அவற்றினூடே துப்பாக்கி ஏந்திய ஒரு பையன் செல்வானாயின், அவன் கையில் அதனைக் கொடுத்தவர் யார் என்றே யான் கேட்பேன். துரோணர் மரத்தின்மேல் வைத்துக் குறிபார்க்கச் சொன்னது பொம்மைப் பறவையை என்பதைக் கதை கேட்கும் நாம் மறந்துவிடுகின்றோம். ஆசிரியர் குறியின் பொருட்டு உயிரை வைக்கவில்லை.

மூன்றாவது கேடு யாரும் எளிதில் நினையாதது, யானும் நினைத்தவனல்லேன். காற்றுத் துப்பாக்கிக்கு ஓசை குறைவே; எனினும் இல்லையென்பதற்கில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழும் அம்மையார் ஒருவர், நாங்கள் ஆடத் தொடங்கியதுமுதல் மாலை வேளைகளில் தம் சன்னற் கதவுகளைச் சாத்திக்கொள்வார். கொசுவுக்காக என்று எண்ணியிருந்தோம். பல நாள் கழித்து, என் அன்னையாரிடம், “அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம், அக்கா. அன்றைக்கு நான் ரோட்டில் நின்றேன்” என்று சொன்னாராம். அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று நம் ஊரில் விளக்க வேண்டுவதில்லை. வெளியூரில் வாழும் பழைய மாணாக்கர் பொருட்டு எழுதுகின்றேன்: 2018ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாளும் அடுத்த நாளும், ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கெதிரான கிளர்ச்சியின்போது போலீசார் சுட்டதில் 13 பேர் இவ்வூரில் உயிரிழந்தனர். அக்கிளர்ச்சியின் நியாய அநியாயங்களை ஆராய்தல் என் நோக்கமன்று. நம் விளையாட்டின் ஓசை அடுத்த வீட்டுச் சுவரைக் கடந்து யாருடைய நினைவிற் சென்று தைக்கின்றது என்பதை நாம் அறியோம் என்பதே யான் சொல்ல வந்தது. ஊசி பலகையில் நின்றுவிடும், ஓசை நில்லாது.

இம்மூன்று கேடுகளையும் கண்டபின்னும் இவ்விளையாட்டை ஏன் முற்றும் விலக்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெரியோர் சிலர், “துப்பாக்கி வடிவத்தைத் தொட்டாலே பிள்ளையின் மனம் கெடும், சாந்தம் போதிக்கும் இல்லத்தில் இதற்கென்ன வேலை?” என்பர். அவர்தம் நல்லெண்ணத்தை வணங்குகின்றேன், முடிவை ஏற்கின்றேனில்லை. மறைத்து வைத்ததன்மேல் பிள்ளைக்கு ஆசை மிகும். ஆசை மிகுந்தவன் ஒழுங்கறியாத நண்பன் வீட்டிலே அதனைத் தொடுவான். கையடக்கப் பேசியின் திரையிலே நாள்தோறும் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தி, வீழ்ந்தவர் மறுபடி எழுவதைக் கண்டு சிரிக்கும் பிள்ளைக்கு, ஒரு சிறிய ஊசி மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்பதைக் காட்டுதல் மனத்தைக் கெடுப்பதன்று, திருத்துவதே. திரையில் தவறுக்கு விலையில்லை. எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் விலை எழுதப்பட்டுள்ளது. அதனைக் கண்டபின் என் அண்ணன் மகன் குழல் முனையை எவர் பக்கமும் திருப்பியதை யான் கண்டிலேன்.

சட்டம் கூறுவதையும் அறிதல் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016இல் வகுத்த விதிகளின்படி, குழலின் துவாரம் 4.5 மில்லிமீட்டரையோ, வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலையோ மிஞ்சும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும், அவ்வெல்லைக்குட்பட்டதற்கு வேண்டுவதில்லை. உரிமம் வேண்டாமையால் அறிவும் வேண்டாமென்று சிலர் பொருள் கொண்டனர். இங்கிலாந்திலோ, 18 வயது நிரம்பாதவர் காற்றுத் துப்பாக்கி வாங்குதலே குற்றம். சட்டம் விட்ட இடைவெளியை வீட்டிலுள்ள மூத்தோர் அடைக்கவேண்டும் என்பது என் துணிபு.

ஆதலின், எங்கள் வீட்டில் இப்போது நிலவும் ஒழுங்குகளை இங்கே தருகின்றேன். மூத்தோர் ஒருவர் உடன் இல்லாதபோது துப்பாக்கி பெட்டியினின்று வெளிவராது. பெட்டிச் சாவியும் ஊசி டப்பாவும் வெவ்வேறிடத்தில் இருக்கும். பலகைக்குப் பின்னே தடித்த மரப்பலகையும், அதன்மேல் மடித்த சாக்கும் உள. பலகைக்குப் பக்கத்தில் வாசலோ சன்னலோ இருத்தலாகாது. எங்கள் பலகையை அறையின் மூலைச்சுவருக்கு மாற்றிவிட்டோம். கம்பிப் பலகையை அறவே நீக்கி, கம்பியில்லாத மெத்தென்ற குறிப்பலகையை மாட்டியுள்ளோம். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி அணிவர். ஒருவர் ஊசியைப் பிடுங்கச் சென்றால் துப்பாக்கி தரையிற் கிடக்கும். விசையில் விரல் படுவது குறி நிலைத்த பின்னரே. குழல்முனை, நிரம்பியதாயினும் வெறுமையாயினும், மனிதரை நோக்காது. உயிருள்ள எதுவும் குறியன்று. அடுத்த வீட்டு அம்மையார் மாலையில் ஜெபக்கூட்டத்துக்குச் செல்லும் நேரமே எங்கள் ஆட்ட நேரம். அவர் திரும்பி வரும் செருப்பொலி கேட்டால் ஆட்டம் முடிந்தது. இவ்வொழுங்குகளைக் கேட்டு நகைப்பார் நகைக்கட்டும். ஒழுங்கு நீங்கிய விளையாட்டு விளையாட்டன்று.

இவ்வளவிற்கும் இடமும் பொறுமையும் இல்லாத வீடுகள் பலவுண்டு. துறைமுகத்தையடுத்த சந்துகளில் ஓரறையிலே ஆறு பேர் வாழும் குடும்பத்தார்க்கு யான் துப்பாக்கி வாங்கச் சொல்வேனாயின், என்னைவிட அறிவிலி ஒருவன் இரான். அவர்க்கு யான் கூறுவது ஒன்று: கையால் எறியும் டார்ட் போதும். பலகையின் நடுப்புள்ளி தரையினின்று ஐந்தடி எட்டங்குல உயரம். எறிபவர் நிற்பது ஏறக்குறைய எட்டடி தூரம். வேண்டிய இடம் இவ்வளவே. அதற்கும் முனையுண்டு, ஆதலாற் குழந்தைகளை விலக்கிவைத்தல் வேண்டும். ஆயினும் வேகம் குறைவு, ஓசையில்லை, செலவும் சிறிது. மூச்சடக்கமும் மெய்ம்மையும் கையெறி ஊசியிலும் கிட்டும். துப்பாக்கி உள்ளவனே குறியாளன் என்னும் மயக்கம் நம் மாணாக்கர்க்கு வேண்டாம்.

முடிவாக, நம் கலாசாலைப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். வீட்டிலே ஒவ்வொருவரும் தனித்தனி அஞ்சி அஞ்சி ஆடுவதினும், பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் அறையை ஒதுக்கி, நான்கு காற்றுத் துப்பாக்கிகளும் ஒரு பயிற்சியாளரும் அமைத்துக்கொடுத்தல் பெரிதும் நலம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய மாணவர் படையில் நம் மாணாக்கர் துப்பாக்கிப் பயிற்சி பெறும் வாய்ப்பு உண்டு. ஆனால் அப்படையிற் சேராதார் பலர். கிரிக்கெட் மைதானத்தின் பராமரிப்புக்குச் செலவாவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். அவ்வறை கட்டிடத்தின் உட்புறத்தில், ஓசை வெளியே செல்லாத இடத்தில் அமைதல் வேண்டும். காரணத்தை மேலே கூறியுள்ளேன். மாணவியர்க்கும் மாணவர்க்கும் சம உரிமை அங்கே இருத்தல் வேண்டும். மைதானத்தில் ஓட இயலாத கால் ஊனமுற்ற மாணாக்கரும் நாற்காலியில் அமர்ந்து குறிபார்க்கலாம். பந்தாட்டக் குழுவில் இடம் பெறாது, ஆண்டுதோறும் விளையாட்டு விழாவிற் கைதட்டுவதையே தொழிலாகக் கொண்ட எத்தனையோ பேர் அங்கே தம் திறமையைத் தாமே கண்டுகொள்வர். யானும் கைதட்டியவர் கூட்டத்தைச் சேர்ந்தவனாதலின் இதனை உரிமையோடு கேட்கின்றேன்.

அன்பர்காள்! அச்சம் மட்டும் உடையவர் கருவியை எறிந்துவிடுவர். ஆசை மட்டும் உடையவர் கருவியாற் பிறரைப் புண்படுத்துவர். ஆசையையும் அச்சத்தையும் இரு கண்ணாகக் கொண்டவர்க்கே குறி நேர்படும். எங்கள் தெரு முதியவர் சென்ற மாதம் மறுபடி வந்து திண்ணையில் அமர்ந்தார். என் அண்ணன் மகன் துப்பாக்கியை ஏந்தி நின்றான், பாதி மூச்சை விட்டான், நின்றான், பின்னர் விசையை இழுக்காமலே துப்பாக்கியைத் தாழ்த்தினான். “ஏன் விட்டுவிட்டாய்?” என்று கேட்டேன். “செருப்புச் சத்தம் கேட்டது, சித்தப்பா” என்றான். அன்று பலகையில் ஊசி ஒன்றும் தைக்கவில்லை. ஆயினும் அவன் கற்கவேண்டியதைக் கற்றுவிட்டான் என்றே எண்ணி யான் மகிழ்ந்தேன். முதியவரும் தலையசைத்தார்.